புது வீட்டில் தொங்கிய முகம்

சரசு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நல்ல வெயில். ஒரு கையை நெற்றியில் மறைப்பாக வைத்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை இழுத்து இடது கன்னத்தின் மேல் விட்டுக்கொண்டாள். என் மனைவிக்கு முப்பது வருஷமாக இருக்கும் பழக்கம் அது.

ராசிபுரத்தைத் தாண்டி எங்கள் மகள் கோகிலா கட்டிக்கொண்டிருக்கும் வீடு. மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தளத்தில் கட்டிவிட்ட தண்ணீர் சுவர் வழியே கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத் தூணில், முட்டுக் கொடுத்த கம்புகளுக்கு நடுவே, மேஸ்திரி திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஃபைபரில் அச்செடுத்த கறுப்பு முகம். இரண்டு கொம்பு, சிவப்பு நாக்கு, முறுக்கிய மீசை.

அந்த முகத்தின் வலது பாதி சாதாரணமாக இருந்தது. இடது பாதி மட்டும் தொங்கியது. இடது கடைவாய் கீழே வழிந்து, இடது கண் மூடவே முடியாததுபோல் திறந்து கிடந்தது. இடது காதில் ஏழு வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

"ஏழும் இருக்குதுங்க," என்றாள் சரசு. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "ஏனுங்கம்மா, பொம்ம பயமா இருக்குதுங்களா? கோணவாயின்னா கண்ணு படாதுன்னு சொல்றாங்க. இப்ப எந்த ஊட்டுலயும் இதத்தானுங்க கட்டறோம்."

"பயமெல்லாம் இல்ல மேஸ்திரி. தெரிஞ்ச மூஞ்சியாட்டம் இருந்துச்சு."

நான் செருப்பில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதைச் சுரண்டியே ஆக வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

கோரம் வரைந்து பிழைத்தவன்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு, சென்னையிலிருந்து வெளிவந்த திகில் மாத நாவல்களுக்கு அட்டைப்படம் வரைந்தவன். அதை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்பதால், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குத் தகரத் தட்டிகளில் திருஷ்டி முகமும் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் நான் வரைந்த ரத்தக் காட்டேரிகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆத்தூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், நீங்கள் வரைந்ததிலேயே உங்களைப் பயமுறுத்திய படம் எது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். நான் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பதில் எழுதலாமா என்று சரசுவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுதுங்க," என்றாள். "தோடு இருக்குதே, அத மட்டும் உட்டுறாதீங்க."

நான் வரைய வந்த காலத்தில், பேய் வீட்டுக்குள் வருவது பழைய கதையாகிவிட்டிருந்தது. பேய் உடம்புக்குள் வந்தால்தான் புத்தகம் விற்கும். உள்ளங்கையில் பல் முளைத்த வாத்தியார். மூக்குத்தியைக் கழற்றப் போய் மூக்கும் சேர்ந்து கையோடு வந்துவிட்ட மணப்பெண். தன் முதுகுத் தோலுக்கு அடியில் யாரோ நடப்பதாகச் சொல்லும் கண்டக்டர்.

ஆசிரியர் கதையைப் போனில் சொல்வார். எங்களிடம் போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடைப் போனில் நான், "எத்தனை பல்லுங்க சார்? உள்ளங்கை முழுக்கவா, ஓரமா மட்டுமா?" என்று கத்திக் கேட்பேன். துவரம்பருப்பு வாங்க வந்தவர்கள் பொட்டலத்தை வைத்துவிட்டு என் கையைப் பார்ப்பார்கள்.

கோரம் நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் மலையைக் குடைந்த கோயிலில், சிங்கமுகத்துச் சாமி ஒருவனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறது. அதன் எதிரிலேயே தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக்கையைக் குழந்தையின் தலையில் துடைத்துக்கொண்டு வருகிறோம். குழந்தைகூட அழுவதில்லை. குடலே தெரிந்தாலும், சாமி யார் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறது.

இது எனக்கு வயதான பிறகு தோன்றியது. முன்பே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணிக்கடை பொம்மையின் கை

சேலத்தில் ஆடிப் பண்டிகைக்குப் பொருட்காட்சி போடுவார்கள். கல்யாணத்துக்கு முந்திய ஒரு வருஷம், அதில் பேய்வீடு ஒன்றுக்கு நான் பூதங்கள் செய்து கொடுத்தேன். ஆளுயரக் கொம்பு, கண்ணுக்குள் சிவப்பு பல்பு, வாயிலிருந்து புகை. பதினைந்து நாள் உழைப்பு. ஜனங்கள் அதன் முன்னால் நின்று சோளக்கருது தின்றார்கள். ஒருவர் பூதத்தின் பல்லைத் தட்டிப் பார்த்து, அட்டை என்று பெண்டாட்டிக்கு விளக்கினார்.

அந்தக் கூடாரத்தில் காலியாக ஒரு மூலை இருந்தது. செவ்வாய்ப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் கழித்துப் போட்ட பெண் பொம்மையை வாங்கி வந்து, ஒரு புடவையைச் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்தேன். வந்த அவசரத்தில் கைகளை மாற்றி மாட்டிவிட்டேன். வலது தோளில் இடது கை, இடது தோளில் வலது கை. அதை நான் கவனிக்கவே இல்லை.

ஜனங்கள் அந்த மூலைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். என்ன தப்பு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு வெளியே போகும் வழியைத் தேடுவார்கள். பல்லைத் தட்டிப் பார்த்தவரும் அதைத் தொடவில்லை.

அன்றைக்கு நான் என் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பல்லும் கொம்பும் வேண்டாம். நமக்குத் தெரிந்த உடம்பு, ஓர் இடத்தில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்தால் போதும். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

நான்தான் கண்ணாடி

கோகிலா பிறந்து இருபது நாள் இருக்கும். சரசுவுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால், பிள்ளை பெற்ற உடம்போடு எங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, வாய்ல தண்ணி நிக்க மாட்டேங்குதுங்க."

திரும்பியவளைப் பார்த்தேன். இடது பாதி முகம் இறங்கிப் போயிருந்தது. அவள் பேசப் பேச வலது பாதி மட்டும் அசைந்தது.

சேலத்து டாக்டர் பதறவில்லை. முகவாதம்தான், நரம்பு வீங்கியிருக்கிறது, இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். மாத்திரை கொடுத்தார். பலூன் ஊதச் சொன்னார். தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அ, இ, உ சொல்லிப் பழகச் சொன்னார். இடது கண் மூடாது, உலர்ந்துவிடும், தூங்கும்போது மறக்காமல் பிளாஸ்திரி போட்டு மூடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்கா வேறு விதமாகச் சொன்னார். "பச்ச ஒடம்புக்காரி அந்த மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டான்னா பால் நின்னுரும் தம்பி. மொதல்ல கண்ணாடிய எடுத்து வையி."

எனக்கு அது சரியாகப் பட்டது. ஆணியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். பயிற்சிக்கு நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் உதட்டைக் குவிப்பாள், இழுப்பாள். பலூனில் பாதிக் காற்று உள்ளே போகும், பாதி கடைவாயில் ஒழுகும்.

"எப்புடி இருக்குதுங்க?" என்று கேட்பாள்.

"நல்லாத்தான் புள்ள இருக்குது. உத்துப் பாத்தாத்தான் தெரியுது."

அவள் நம்பினாள். எவர்சில்வர் தட்டில் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று கேட்கலாம். எவர்சில்வர் தட்டில் எல்லோர் முகமும் கோணல்தான். அதனால் நான் சொன்னதே அவளுக்குக் கண்ணாடி.

குழந்தை பயப்படவில்லை. பால் குடித்துக்கொண்டே தொங்கிய கன்னத்தைக் கையால் தட்டிக்கொண்டிருக்கும். பயந்தவன் நான். இதை எழுதவே கூசுகிறது. அவள் சோறு போடும்போது, அவளுடைய வலது கன்னம் மட்டும் தெரியும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர் போன் செய்தார். கல்யாண மேடையில் மணப்பெண்ணின் பாதி முகம் இன்னொருத்தியின் முகமாக மாறுகிற கதை. "போன தடவை வரைஞ்சது சிரிப்பு வந்துடுச்சு. இந்தத் தடவை பார்த்தா வயிறு கலங்கணும்," என்றார்.

மறுநாள் மதியம், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சரசு தூங்கினாள். வியர்வையில் கண் பிளாஸ்திரி கழன்று தலையணையில் ஒட்டியிருந்தது. ஒரு கண் மூடி, ஒரு கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிளாஸ்திரி சுருளைக் கையில் எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு பென்சிலை எடுத்தேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் வரைந்ததிலேயே நல்ல கோடுகள் அவை. முடித்த பிறகுதான் அவள் கண்ணை மூடி ஒட்டினேன். அதற்குள் அந்தக் கண் சிவந்துவிட்டிருந்தது.

கயிற்றில் தொங்கிய புத்தகம்

சில வாரம் கழித்து மறுபடியும் சேலத்துக்குப் போனோம். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் குணமாகிவிட்டது என்றார். சரசுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுத்தாள். நாமக்கல் பஸ்ஸுக்காகப் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, ஒரு புத்தகக் கடையைப் பார்த்து, "உங்க படம் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். என் படங்களைப் பிறர் பார்ப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஆறு பிரதி அந்த மணப்பெண் கதைப் புத்தகம்.

வண்ணம் ஏற்றும்போது நிறத்தை மாற்றியிருந்தேன். மூக்கை மாற்றியிருந்தேன். நெற்றிச்சுட்டி, கல்யாண மாலை எல்லாம் போட்டிருந்தேன். தோட்டை மாற்ற மறந்துவிட்டேன். கல்யாணத்துக்கு அவள் போட்டு வந்த ஒரே நகை அந்த ஏழுகல் தோடு.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரசு பார்த்தாள். இடது கையால் தன் உதட்டோரத்தைத் தொட்டாள்.

"இது நானுங்களா?"

"இல்ல புள்ள. கதைல வர்ற பேயி."

"தோடு என்னுதுங்க."

ஓரத்தில் என் கையெழுத்தும் இருந்தது. நான் பரணில் ஒளித்து வைத்த முகத்தை, முதல் தடவையாக, என் கையெழுத்தோடு அவள் பார்த்தாள்.

பஸ் மல்லூரைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னீங்களேங்க," என்றாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. டிக்கெட்டைச் சட்டைப் பையில் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கித் துடைத்து மாட்டினேன். அவள் அதன் முன்னால் நிற்கவில்லை. இன்றைக்கும் கையால் தடவிப் பார்த்துத்தான் பொட்டு வைக்கிறாள்.

மூன்றாவது மாதம் அவள் முகம் முழுசாகக் குணமாகிவிட்டது. டாக்டரே கையைத் தட்டினார். ஆனால் முந்தானை இடது கன்னத்துக்கு ஏறியது ஏறியதுதான். தோட்டைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, சின்னதாக ஒரு கம்மல் மாட்டிக்கொண்டாள்.

ஊரெல்லாம் போன கோணவாய்

அத்தோடு நிறுத்தியிருந்தாலாவது நான் மனுஷன். அந்த அட்டையைக் கிழித்து நான்காக மடித்து எடுத்துக்கொண்டு, திருச்செங்கோட்டு லாரிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார்.

"இந்த மூஞ்சிய எழுதிக் குடுங்க. கொம்பு மட்டும் வெச்சுருங்க. பாத்தவன் கண்ணு அவிஞ்சு போகோணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்போதுதான் எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. அவள் முகம்தான் சரியாகிவிட்டதே, இனி இது யாருடைய முகமும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். பிறகு அதற்கென்றே ஒரு அச்சுத் தகடு வெட்டி வைத்துக்கொண்டேன். எனாமல் பெயிண்டில் ஒரு நாளைக்கு நான்கு முகம் வரை எழுதியிருக்கிறேன்.

சரசு வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருநாள் திடீர் மழை. வாசலில் காயப்போட்டிருந்த தட்டிகளை அவள்தான் ஓடிப்போய் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வந்தாள். நனையாமல் சுவரோரம் அடுக்கினாள். எல்லா முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகும் அடுத்த வாரம் எழுதினேன்.

பிறகு மற்றவர்கள் அதைக் காப்பியடித்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்தது, ஃபைபர் அச்சு வந்தது. ஒருவர் பல்லை நீட்டினார், இன்னொருவர் மீசை வைத்தார். பெண் ஆணாகிப் பூதமானது. காதில் இருந்த ஏழு புள்ளியை மட்டும் யாரும் விடவில்லை. அது என்னவென்று தெரியாததால் விடப் பயந்திருப்பார்கள்.

ரோட்டில் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தில் அந்த முகம் தெரிந்தால், சரசு பஸ்ஸில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் திரும்பிக்கொள்வேன். இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

நேர் முகம்

புது வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

கோகிலா பிளாஸ்கில் டீயோடு வந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இந்தப் பத்திரிகையை வாங்குகிறவள் என்பதால் இன்றைக்குத் தெரிந்துகொள்வாள்.

"அப்பா, ஹால்ல மாட்டறதுக்கு அம்மா படம் ஒண்ணு வேணுங்க," என்றாள். "ஆல்பம் பூராவும் தேடிட்டேன். ஒண்ணுலகூட நேராப் பாக்கல. என்ற கல்யாணத்துலயும் ஒரு பக்கமாத்தான் நிக்கறாங்க. நீங்களே வரஞ்சு குடுங்க."

நான் சரசுவைப் பார்த்தேன். மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுத்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"வரையட்டும்," என்றாள். "நேராவே உக்காந்துக்கறேன்."

மேஸ்திரிக்கு எதுவோ உறுத்தியிருக்க வேண்டும். "அம்மாவுக்குப் புடிக்கலீன்னா இந்தப் பொம்மையக் கழட்டீட்டு, பூசணிக்கா கட்டி உட்டுருட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம் மேஸ்திரி. குடி போற வரைக்கும் இருக்கட்டும். என்ற மக ஊட்டுக்குத்தான காவல் இருக்குது."

மறுநாள் காலையில், எங்கள் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். காதில் ஏழுகல் தோடு. தகர டப்பாவிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வெளிச்சத்தில் அந்த இடது கன்னத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. வலது பக்கம் எத்தனை சுருக்கமோ இடது பக்கமும் அத்தனை சுருக்கம். தாடைக்கு மேல் சின்னதாக ஒரு மரு இருந்தது. அது எந்த வருஷம் வந்தது என்று எனக்குத் தெரியாது.

வலது பாதி தடையில்லாமல் வந்தது. மூக்கைத் தாண்டி இடது பக்கம் போனதும், உதட்டோரம் கீழே இறங்கியது. அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி இறங்கியது. காகிதத்தை மாற்றினேன். இந்தத் தடவை இடது கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். அது மூடாத கண்ணாக வந்து உட்கார்ந்தது.

கை நடுங்கியிருந்தால் வயசு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தகரம் தகரமாக எழுதிப் பழகிய கோடு, என்னைக் கேட்காமலேயே வந்து விழுந்தது. அவளுடைய நல்ல முகத்தை நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை என்பது மூன்றாவது காகிதத்தில்தான் எனக்கு உறைத்தது.

சரசு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். மறைக்க நேரமில்லை. மூன்று காகிதமும் பலகையில் பரப்பிக் கிடந்தன.

"தப்புப் பண்ணீட்டேன் சரசு," என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

அவள் ஒரு காகிதத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தொங்கிய கடைவாயைக் கட்டைவிரலால் மேல்நோக்கித் தேய்த்தாள். பென்சில் கரி கலைந்ததே தவிர வாய் ஏறவில்லை.

"எனக்கு மூணு மாசத்துல சரியாயிருச்சுங்க," என்றாள். "உங்களுக்குத்தான் இன்னும் ஆகல."

கோகிலா வீடு குடிபோக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் காலையில் சரசு தோட்டைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்காருகிறாள். நேற்று வரைந்ததிலும் வாய் கோணலாகத்தான் வந்திருக்கிறது.